இடம் இல்லை என்று சொன்னேன்

நானும் என்னோடு சி.ஏ. படித்த இரண்டு தோழிகளும் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் நெல்லித்தோப்பில் ஒரு பள்ளிக்கூட அறையில் இலவச வகுப்பு எடுத்துவந்தோம். ஆடிட்டராக வேண்டும் என்ற ஆசை இருந்தும், பயிற்சி மையத்துக்குப் போக வசதியில்லாத பிள்ளைகள் வருவார்கள். பாதிப் பேர் நடுவிலேயே நின்றுவிடுவார்கள். நிற்காமல் வந்தவர்களில் ஒருத்தியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அவள் அப்பா வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறவர். அம்மாவுக்குக் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. முதல் சில வாரங்கள் அவள் வாயே திறக்கவில்லை. தேய்மானக் கணக்குப் பாடம் நடத்திய அன்றுதான் கை தூக்கினாள்.

"மெஷின் வருஷா வருஷம் தேயுதுன்னு எழுதறோம். அத ஓட்றவங்க தேயறத எங்க எழுதறது மேடம்?"

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்காமல் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடுத்த கணக்கைப் போர்டில் எழுதினேன்.

இன்டர்மீடியட் பரீட்சையின் இரண்டு குரூப்பையும் முதல் தடவையிலேயே பாஸ் செய்தாள். ரிசல்ட் வந்த மத்தியானம் சாரம் பகுதியில் இருக்கும் என் ஆபீஸுக்கு ஓடி வந்து, "வந்துடுச்சு மேடம்" என்றாள். இரண்டு பேரும் அழுதோம்.

அடுத்தது ஆர்ட்டிக்கிள்ஷிப். ஓர் ஆடிட்டரிடம் சேர்ந்து சில வருடம் வேலை பழகினால்தான் கடைசிப் பரீட்சை எழுத முடியும். என் ஆபீஸில் அப்போது ஓர் இடம் காலியாக இருந்தது. அவளுக்கென்றே அதை மனதில் வைத்திருந்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் அவள் எதிர்பார்த்திருப்பாள்.

அதே வாரம் என் கிளையன்ட்களில் பெரியவர் வந்தார். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். கடற்கரைப் பக்கம் ஹோட்டல் நடத்துகிறார். "பொண்ணு சி.ஏ. இன்டர் முடிச்சிட்டா. வெளிய எங்கயும் வுட மனசு வரல. ஒங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். கேட்கிற தொனி இல்லை அது, முடிவைச் சொல்லுகிற தொனி. இவர் போய்விட்டால் ஆபீஸ் ஆட்டம் கண்டுவிடும் என்று பயந்தேன். இரண்டு நாள் அவகாசம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சரி என்றேன்.

அவளிடம், "இந்த வருஷம் நம்ம ஆபீஸ்ல இடம் இல்லம்மா" என்றேன். தெரிந்த மூன்று ஆடிட்டர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினேன். ஓர் இடத்தில் இங்கிலீஷ் போதாது என்றார்கள். இன்னோர் இடத்தில் வெளியூர் ஆடிட்டுக்கு ஆண்கள்தான் வேண்டும் என்றார்கள். மூன்றாம் இடத்தில் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டதோடு சரி. ஒவ்வொரு முறையும் என்னிடம் வந்து, "பரவால்ல மேடம்" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு ஒருநாள், நான் படிக்கக் கொடுத்திருந்த புத்தகங்களைத் திருப்பித்தர ஆபீஸுக்கு வந்தாள். ஹோட்டல்காரரின் மகள் சேர்ந்து அன்றைக்கு மூன்றாவது நாள்.

"புதுசா சேந்திருக்காங்களா மேடம்?"

"ஆமா."

ஒரு புத்தகத்தில் கிழிந்த பக்கத்தை டேப் போட்டு ஒட்டியிருப்பதைக் காட்டினாள். "போய்ட்டு வரேன் மேடம்" என்றாள். அந்த ஞாயிறு வகுப்புக்கு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். அவள் இல்லை. அம்மா மட்டும் இருந்தார். "ஜவுளிக் கடைல பில்லு போட சேந்துட்டா மேடம். நீங்களும் எவ்வளவோ பாத்தீங்களாம், எங்கயும் இடம் இல்லையாம். சொன்னா" என்றார். காபி போட்டுத் தந்தார். மகள் உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அந்தக் காபியைக் குடித்து முடிப்பதற்குள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஹோட்டல்காரரின் மகள் வருடம் முடிவதற்குள் பாரிஸில் படிக்கப் போய்விட்டாள். அன்றைக்கே நான் இவளுக்குப் போன் செய்தேன்.

"இப்ப இடம் இருக்கும்மா. நாளைக்கே வந்துடு."

பின்னால் கடையின் இரைச்சல் கேட்டது. "அப்பா பெயிண்ட் அடிக்கறப்ப சாரத்துலேந்து வுழுந்துட்டாரு மேடம். இடுப்புல அடி. இனிமே வேலைக்குப் போவ முடியாது. இப்ப இத வுட்டுட்டு வர முடியாது" என்றாள். பிறகு, "வேற யாராச்சும் வகுப்புல இருப்பாங்க மேடம், அவங்கள எடுத்துக்கங்க" என்றாள்.

எடுத்துக்கொண்டேன். அதிலிருந்து என் ஆபீஸில் முதல் இடம் ஞாயிறு வகுப்புப் பிள்ளைக்குத்தான். அப்படி வந்தவர்களில் இரண்டு பேர் இன்று ஆடிட்டர்கள். பட்டம் வாங்கிய அன்று என் காலில் விழுந்தார்கள். எழுந்திருங்கள் என்று அதட்டினேன். ஏன் அத்தனை கோபம் என்று அவர்களுக்குப் புரியவில்லை.

போன தீபாவளிக்கு முன்னால் என் அக்காவோடு அந்த ஜவுளிக் கடைக்குள் போகும்படி ஆயிற்று. பில் போடும் இடத்தில் அவள்தான் இருந்தாள். உடம்பு இளைத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"நல்லா இருக்கீங்களா மேடம்? வகுப்பு நடக்குதா?"

"நடக்குதும்மா."

மன்னித்துவிடு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பின்னால் வரிசை நின்றிருந்தது. அவள் அக்கா எடுத்த புடவைகளை மடித்துப் பையில் வைத்து என் கையில் கொடுத்துவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டாள்.