அண்ணனின் ரத்தத்தில் குறைந்த இரும்பு

தொண்ணூறுகளின் நடுவில் வண்ணார்பேட்டையில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். அண்ணன் தபால்காரர். ஐம்பதைத் தாண்டியும் வெயிலில் சைக்கிள் மிதித்தவர். ஒரு நாள் மத்தியானம் என்னைப் பார்க்க வந்தவர், ஏறிவரத் தெம்பில்லாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏலே, பாலம் ஏறதுக்குள்ள மூச்சு வாங்குது. என்னன்னு பாரு."

விரலில் குத்திப் பார்த்தேன். ஆண்களுக்குப் பதிமூன்றாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் எட்டுதான் இருந்தது. டாக்டரிடம் கூட்டிப் போயிருக்க வேண்டும். தினமும் ரத்தம் பார்க்கிறவனுக்குத் தெரியாததா என்ற நினைப்பு எனக்கு. நானே இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டு மாதத்தில் கொஞ்சம் ஏறியது. முகம் தெளிந்தது. மதினிக்கு என்னைப் பற்றி ஒரே பெருமை. இடையில் ஒரு தடவை அண்ணன் குரலைத் தாழ்த்தி, "வெளிக்குப் போனா கருப்பாப் போகுதுலே" என்றார்.

"மாத்திரை சாப்பிட்டா அப்படித்தாண்ணே இருக்கும்."

அது பொய்யில்லை. ஆனால் அதோடு நான் யோசிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

மாத்திரையை விட்ட சில மாதங்களில் மறுபடியும் இறங்கிவிட்டது. அப்போதுதான் டாக்டரிடம் போனோம். அவர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு என்னைத்தான் கேட்டார்.

"மாசாமாசம் ரத்தம் போற பொம்பளைகளுக்கு இரும்பு குறைஞ்சா காரணம் தெரியும். இவருக்கு எங்க போகுது? அதை யோசிச்சீங்களா?"

அன்றைக்கே மலத்தைப் பரிசோதித்தோம்.

மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தது. மதுரைக்குப் போய்ப் பார்த்ததில் பெருங்குடலில் கட்டி. புற்றுநோய். அது சொட்டுச் சொட்டாகக் கசிந்து இரும்பைக் கொண்டுபோயிருக்கிறது. நான் மாத்திரை கொடுத்து அந்தக் குறையை மூடி வைத்திருக்கிறேன்.

ஆபரேஷன் முடிந்த நாலாம் நாள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கே உங்களைக் கூட்டிட்டுப் போயிருக்கணும்ணே. தப்பு எம்மேலதான்."

அண்ணன் என் பக்கம் தலையைத் திருப்பினார்.

"நான் ஏன் உன்கிட்ட வந்தேன் தெரியுமாலே? டாக்டர் எதையாவது சொல்லிருவாரோன்னு பயம். நாம ரெண்டு பேருமாத்தான் தள்ளிப்போட்டோம்."

அதற்கப்புறம் இரண்டு வருஷம் இருந்தார். தபாலாபீஸில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு மாற்றிக் கொடுத்தார்கள். பிறகு நோய் ஈரலுக்குப் பரவியது. ஒரு மார்கழிக் காலையில் போய்விட்டார்.

வயதான ஆண்களுக்கு ரத்தம் குறைந்திருந்தால், நான் இப்போது வெறும் சீட்டை மட்டும் கொடுத்து அனுப்புவதில்லை. "மாத்திரையோட விட்டுராதீங்க. ஏன் குறையுதுன்னு டாக்டர்ட்ட கேளுங்க" என்பேன். சிலருக்கு எரிச்சல் வரும்.

"நீரு என்ன டாக்டரா வே?" என்று ஒருவர் கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி" என்றேன். "அதனாலதான் போகச் சொல்லுதேன்."