வருகைப் படிவமும் வெள்ளிக்கிழமைப் பயணமும்

விமானம் ஏறுவதற்கு முன்பே, போகிற நாட்டுக்கு "நான் வருகிறேன்" என்று இணையத்தில் படிவம் போட்டுச் சொல்லவேண்டிய காலம் இது. அதைப் பிறருக்காகப் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. தேனி பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சில பிளாஸ்டிக் நாற்காலிகள். நீங்களும் அந்தப் படிவத்தில் ஒருமுறையாவது மாட்டி முழித்திருப்பீர்கள். எல்லாவற்றையும் நிரப்பி முடித்த பிறகு, நேரம் கடந்துவிட்டது, முதலிலிருந்து ஆரம்பி என்று சொல்லும். அப்போது வருகிற கோபத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சிரித்துவிட்டுப் போகிற கதைகளும் இதில் உண்டு. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது கடமலைக்குண்டு பாண்டியம்மாளுக்காக. ஆஸ்பத்திரியில் கிடந்த மகனை உயிரோடு பார்த்துவிட வேண்டும் என்று மலேசியாவுக்குக் கிளம்பியவர் அவர். சிரிப்பை முதலில் முடித்துவிடுகிறேன்.

ராகு காலம்

போடியிலிருந்து ஓர் ஏலக்காய் வியாபாரி சிங்கப்பூர் போவதற்காக வந்தார். பெயர், பாஸ்போர்ட், ஹோட்டல் எல்லாம் நிரப்பியாகிவிட்டது. அனுப்பும் பொத்தானை அழுத்தப் போனேன். "பொறு தாயி" என்று என் கையைத் தடுத்துவிட்டு, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். ராகு காலம் முடியட்டும் என்றார். பக்கம் அதற்குள் செத்துப்போகும் என்று நான் கெஞ்சினேன். வரிசையில் நின்றவர்களும் கெஞ்சினார்கள். மனிதர் அசையவில்லை.

சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அங்கே எப்போதோ முடிந்திருக்கும் என்று கடைசியாகச் சொல்லிப் பார்த்தேன். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு கேட்டார்: "படிவம் இங்கன இருந்துல்ல போகுது? பெறப்படுற எடத்து நேரத்தப் பாக்கணுமா, போய்ச் சேர்ற எடத்து நேரத்தப் பாக்கணுமா?"

தொழில்

நன்றாகச் சரக்கு எடுக்கும் விவசாயிகளை உரக்கடைக்காரர்கள் தாய்லாந்துக்குச் சுற்றுலா கூட்டிப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். அப்படிக் கிளம்பிய கம்பத்துத் திராட்சைத் தோட்டக்காரர், இந்த முறை மனைவிக்கும் சேர்த்து இடம் வாங்கியிருந்தார். தாய்லாந்துப் படிவத்தில் தொழில் என்ன என்று ஒரு கட்டம் வரும். கணவருக்கு விவசாயி என்று போட்டேன். மனைவிக்கு என்ன என்று கேட்டேன். "சும்மா வீட்ல இருக்கான்னு போடும்மா" என்றார் அவர்.

அந்த அம்மாள் அதுவரை வாயைத் திறக்கவில்லை. இப்போது கணவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "கவாத்து வெட்டி, மருந்தடிச்சு, கொல பறிச்சது நானு. இவுகளுக்கு வேணா சும்மா இருக்காகன்னு போடு."

தங்கும் இடம்

பாண்டியம்மாள் ஒரு புதன்கிழமை அண்ணன் தங்கராசுவோடு வந்தார். கணவர் இல்லை. ஒரே மகன் செல்வம் மலேசியாவில் ஓர் உணவகத்தில் வேலை. சாலை விபத்தில் தலையில் அடி. நினைவு வருவதும் போவதுமாக இருக்கிறது, சீக்கிரம் வரச் சொல்லுங்கள் என்று அங்கிருந்து அவன் சிநேகிதன் போனில் சொல்லியிருக்கிறான். டிக்கெட் போட்டதும் அவன்தான். ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று மகன் முன்பு எடுக்கச் சொன்ன பாஸ்போர்ட் கையில் இருந்தது. அதில் ஒரு முத்திரைகூட விழவில்லை.

எங்கே தங்குவீர்கள் என்று படிவம் கேட்டது. ஹோட்டலா, வீடா, வேறா? சிநேகிதன் வீட்டு முகவரியைத் தங்கராசு நீட்டினார். நான் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது பாண்டியம்மாள் மெதுவாகச் சொன்னார்: "வீடெல்லாம் எதுக்கு ஆத்தா, அவன் கெடக்குற கட்டிலுக்குக் கீழ எடம் குடுத்தாப் போதும்னு எழுது."

திரும்பும் தேதி

அடுத்த கட்டம், அந்த நாட்டை விட்டுத் திரும்பும் தேதி. நான் வழக்கமாகக் கேட்கிற மாதிரி, "என்னைக்குத் திரும்புவீங்க?" என்று கேட்டுவிட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதைக் காலியாக விட்டால் படிவம் நகராது. சிநேகிதனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. உத்தேசமாக இரண்டு வாரம் போடட்டுமா என்றேன்.

பாண்டியம்மாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தாய்க்கு இப்படி ஒரு கேள்வியை வைத்தவன் யார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவரிடம் ஆத்திரம் எதுவும் இல்லை. "எம்மவன் எந்திரிச்சு ஒக்காந்து, போலாம் வாம்மான்னு சொல்ற அன்னைக்கு" என்றார்.

பயணத் தேதி

திரும்புவதற்கு இரண்டு வாரம் என்றே போட்டேன்; கிளம்பும் தேதியிலும் ஒரு சிக்கல் இருந்தது. அவர்கள் கையில் டிக்கெட் இல்லை. சிநேகிதன் போனில் சொல்லச் சொல்லத் தங்கராசு எழுதிக்கொண்ட விமான எண் மட்டும் இருந்தது. டிக்கெட் பிறகு தன் போனுக்கு வரும் என்றார். பயணம் என்றைக்கு என்று கேட்டதற்கு, ஒரு நொடிகூடத் தயங்காமல் "வெள்ளிக்கிழமை" என்றார். அதையே போட்டு, அச்செடுத்து, கடை முத்திரையும் வைத்துக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை கடைக்கு ஒரு போன். திருச்சி விமான நிலையக் கவுண்டரிலிருந்து ஓர் இளம்பெண். காகிதத்தில் இருந்த முத்திரையைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறாள். விமானம் இன்றைக்கு, படிவத்தில் நேற்றைய தேதி, இதை வைத்து ஏற்ற முடியாது, அடுத்து இடம் இருப்பது திங்கட்கிழமைதான் என்றாள். நிலையத்துக்கு வெளியே நின்றிருந்த தங்கராசுவைப் போனில் பிடித்து, வெள்ளிக்கிழமை என்று ஏன் சொன்னீர்கள் என்று கத்தினேன்.

நல்ல நாளில் பயணப் பெட்டியைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அன்றே தொடங்கியதாகக் கணக்கு. எனக்கும் தெரிந்த வழக்கம்தான். அவர் குரலில் குற்ற உணர்வே இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது: "பயணம் வெள்ளிக்கிழமதான் தாயி. அன்னைக்கே பெட்டிய எடுத்து வச்சாச்சு. சனிக்கிழம கெழக்க சூலம், இந்த நெலமையில அவள அன்னைக்கா கெளப்புவாக?"

கவுண்டர்

பாஸ்போர்ட் நகல் என்னிடம் இருந்தது. புதிதாகப் படிவம் போட ஆரம்பித்தேன். கடைசியில் நாம் மனிதர்தானா என்று சோதிக்க, ஒரு படத் துண்டை இழுத்து ஓட்டையில் பொருத்தச் சொல்லும். தினமும் செய்கிற வேலை. அன்றைக்கு விரல் அதைத் தாண்டித் தாண்டிப் போனது. கடையில் நின்றவர்களெல்லாம் என்ன என்று தெரியாமலே வேண்டிக்கொண்டார்கள்.

படிவம் ஏற்கப்பட்டதும் அந்தப் பெண்ணின் போனுக்கே அனுப்பினேன். பதில் வரும்வரை நாற்காலியில் உட்கார முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள்: "அக்கா, அம்மா உள்ள போயிட்டாங்க. தேனி எந்தப் பக்கம்னு என்கிட்ட கேட்டு, அந்தப் பக்கமாத் திரும்பிக் கும்பிட்டுட்டுப் போறாங்க."

ரேஷன் கார்டு

செல்வம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இறந்துபோனான். ஊருக்குக் கொண்டுவந்து, காரியம் எல்லாம் முடிந்த பிறகு, அண்ணனும் தங்கையும் மறுபடி என் கடைக்கு வந்தார்கள். ரேஷன் கார்டில் செல்வத்தின் போன் நம்பர் இருந்தது, அதை மாற்ற வேண்டும். நான் வேலையைத் தொடங்கவில்லை. பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டேன்.

பார்த்ததாகச் சொன்னார் பாண்டியம்மாள். சனிக்கிழமை போய்ச் சேர்ந்தபோது நினைவு இருந்திருக்கிறது. அம்மாவின் கையைப் பிடித்து, சாப்பிட்டியா என்று கேட்டிருக்கிறான். கட்டிலுக்குக் கீழே படுக்க விடவில்லை, ஆனால் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். அவர் சொல்லச் சொல்ல நான் வெட்கமில்லாமல் அழுதேன். அவர்தான் என் முதுகைத் தடவிக் கொடுத்தார். திங்கட்கிழமை விமானம் என்றால் என்ன ஆகியிருக்கும் என்று நாங்கள் மூவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை.

தேதியால் நேர்ந்த குழப்பத்துக்குத் தங்கராசு ஒரு வார்த்தை வருத்தம் சொல்வார் என்று நினைத்தேன். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "வெள்ளிக்கிழமையே பெட்டிய எடுத்து வச்சதாலதான் தாயி, ஒரு நாளாவது அவன் மொகத்த உசுரோட பாத்துச்சு."

அன்றிலிருந்து நான் "என்றைக்குப் பயணம்?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "விமானம் என்றைக்கு, பெட்டி என்றைக்கு?" என்று இரண்டாகவே கேட்கிறேன், படிவத்துக்கு ஒரு தேதி போதும், கிளம்புகிறவர்களுக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது.