பொட்டல் ஆட்டத்தில் ஓர் அடைமொழி

மைக் கையில் வந்துவிட்டால் நான் வேறு ஆள். இதை என் மனைவி ஏசும்போதும் சொல்வாள், ஊர்க்காரர்கள் புகழும்போதும் சொல்வார்கள். திருநெல்வேலி டவுணில், ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் எனக்கு வேலை, சேலைப் பிரிவு. நாள் முழுக்கச் சேலையை விரித்துப்போட்டு, "கரையைப் பாருங்கம்மா, மாம்பழக் கலரு" என்று பேசிப் பேசியே தொண்டை பதமாகிவிட்டது. விடுப்புக் கிடைக்கும் நாட்களில் சுற்றுவட்டாரக் கபடிப் போட்டிகளுக்கு வர்ணனை சொல்லப் போவேன். ஆட்டக்காரன் நடுக்கோட்டைத் தாண்டிப் பாடிப் போகும்போது அவனுக்கு ஓர் அடைமொழி சூட்டாமல் என்னால் இருக்க முடியாது. தாமிரபரணிப் புயல், உவரிக் கடலலை, உடும்புப்பிடி என்று எத்தனையோ பேருக்கு வைத்திருக்கிறேன். நான் வைத்த பெயர் ஒருவனுக்குக் கல்யாணப் பத்திரிகை வரைக்கும் போயிருக்கிறது. அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

சொல்ல வந்தது, பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சேரன்மகாதேவியில், ஆற்றையொட்டிய பொட்டலில் நடந்த ஆட்டம். இப்போது நினைத்தால் அது எனக்கு நடந்த மாதிரியே இல்லை. யாரோ சொல்லக் கேட்ட மாதிரி இருக்கிறது. சுற்றிலும் பிசானப் பருவத்து நெல் பச்சை. வெயில் இருந்தது, ஆனால் சுடவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு பனையில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். நான் பேசுவது அங்கே போய், சற்றுத் தாமதமாக, வயலுக்கு மேலாக என்னிடமே திரும்பி வந்தது. என் குரலை நானே கேட்டுக் கிறங்கிப்போய் உட்கார்ந்திருந்தேன். புழுதி எழுந்து, கீழே இறங்க மனமில்லாமல் வெயிலிலேயே நின்றது. கொக்குகள் பறந்து ஒரு சுற்றுச் சுற்றி அதே வரப்பில் இறங்கின. வயிற்றில் கிடந்த மதியச் சோறு வேறு கண்ணைச் சொக்க வைத்தது.

அன்று பாடிப் போனவர்களில் ஒருவன் ஜெயிலுக்குப் போய் வந்தவன். ஏழு வருஷத்துக்கு முன்னால், அவனுக்கு இருபது வயதிருக்கும்போது, ஒரு கோயில் கொடைத் திருவிழாப் போட்டியில் கடைசி ஆட்டம். எதிராளியைத் தொட்டுவிட்டதாக அவன் சொன்னான், தொடவில்லை என்றார் நடுவர். எல்லைக் கொடி கட்டியிருந்த இரும்புக் கம்பியைப் பிடுங்கி நடுவரின் தலையில் ஓங்கி அடித்துவிட்டான். அந்த நடுவர் என் நெருங்கிய நண்பர், விதைநெல் கடை வைத்திருப்பவர். இடது காது அவருக்கு அன்றோடு போயிற்று. கபடி நடுவருக்குக் கண் மட்டும் போதாது, பாடுகிறவனின் மூச்சு எங்கே அறுகிறது என்று கேட்கவும் வேண்டும். ஒற்றைக் காதோடு கொஞ்ச நாள் முயன்று பார்த்துவிட்டு விசிலைக் கழற்றி வைத்துவிட்டார். அவனுக்கு இரண்டு வருஷம் தண்டனை. ஒரு நாள் குறையாமல் இருந்துவிட்டு வந்தான்.

வந்தவன் வாழைத்தார்ச் சந்தையில் சுமை தூக்கினான். சாயங்காலங்களில் மறுபடி ஆடத் தொடங்கினான். ஜெயிலுக்குப் போவதற்கு முன் ஆடியதைவிட நன்றாக ஆடினான், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. டீக்கடையில் நான் சண்டைக்கே நின்றிருக்கிறேன். "சுமை தூக்கட்டும், லாரி ஓட்டட்டும், யாரு வேண்டாங்கா? ஆனா முதுகுல நம்பர் போட்டு, டிவியில வந்து, சின்னப் பிள்ளைகள் கைதட்டுத மாதிரி ஆடணுமாக்கும்? கம்பிய எடுத்த கைக்கு மாலையா?" என்று கத்தியிருக்கிறேன். தூக்குகிற தோளும் அதுதானே, ஆடுகிற தோளும் அதுதானே என்று ஒருவர் கேட்டார். அவரை உட்கார விடாமல் பேசினேன். என் நண்பர் நல்ல காதை எங்கள் பக்கம் வைத்துக்கொண்டு டீயைக் குடித்தார். அவருடைய கோபத்தையும் சேர்த்து நான்தான் படுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பார்க்க ஒருவர் வந்திருந்தார். தொழில்முறை அணி ஒன்றுக்கு ஆள் பொறுக்கிக் கொடுப்பவர். வெள்ளைத் தொப்பியோடு பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் இவனைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று கமிட்டிக்காரர்கள் என் காதில் போட்டிருந்தார்கள். எனவே தெரியாமல் சொன்னேன் என்று நான் சொல்ல முடியாது. என் நண்பரும் வந்திருந்தார். புள்ளிப் பலகைக்குப் பக்கத்தில், மருத மர நிழலில் நின்றார்.

அவன் பாடி உள்ளே போனான். மூன்று பேரைத் தொட்டுவிட்டு மீன் நழுவுவதுபோல் நழுவி வந்தான். கூட்டம் எழுந்து நின்றது. மறுபடி போனான். என் வாய் தானாகத் திறந்தது. "இதோ வருகிறான், சிறை மீண்ட செவ்வேங்கை! அன்று நடுவரை அடித்து உள்ளே போனவன், இன்று எதிரிகளைத் தொட்டு வெளியே அனுப்புகிறான்!" விசில் பறந்தது. நான்கைந்து பேர் போனை உயர்த்திப் பிடித்தார்கள். பனையிலிருந்து அதே வரி திரும்பி வந்தபோது களத்தில் வேறு சத்தமே இல்லை. அவன் பாடுவதை நிறுத்தியிருந்தான். எதிராளிகளின் நடுவில், யாரும் தொடாமல், கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். பிறகு தானே கையை உயர்த்திவிட்டு வெளியே போய் உட்கார்ந்தான். எல்லாம் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல் அவ்வளவு மெதுவாக நடந்தது. நான் நண்பரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் நிமிரவில்லை.

வேண்டுமென்று சொன்னேனா, வாய்க்கொழுப்பில் சொன்னேனா என்று என்னை நானே பல தடவை கேட்டுவிட்டேன். ஒரு நாள் இப்படித் தோன்றும், ஒரு நாள் அப்படித் தோன்றும்.

மூன்று நாட்களில் அந்த வீடியோ எல்லாருடைய போனிலும் ஓடியது. என் குரலோடு, சினிமா இசையெல்லாம் சேர்த்து. அடுத்த வாரம் நண்பரின் கடைக்குப் போனேன். நன்றி எதிர்பார்த்துத்தான் போனேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். அவர் நெல் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"பாத்தீராவே, உமக்காக ஒரு வார்த்தை சொன்னேன்" என்றேன்.

"கேட்டுது" என்றார். விதையை அள்ளி அள்ளிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அந்தத் தொப்பிக்காரரைக் கூட்டிட்டு வந்தது நான்தான்வே."

எனக்குப் புரியவில்லை.

"கோர்ட்டு பேப்பரு, தீர்ப்பு எல்லாம் நான்தான் கொண்டு குடுத்தேன். அடிபட்டவன் நான்தான்னும் சொன்னேன். அவரும் மேல பேசிட்டு, எங்களுக்குத் தெரிஞ்சா போதும், வெளிய சத்தம் வரப்படாது, வந்தா விளம்பரம் குடுக்கவன் ஓடிருவான்னாரு. நீரு சத்தத்தைக் குழாய் வச்சுப் போட்டுட்டீரு. நேத்து போன் பண்ணி, இனி முடியாதுன்னுட்டாரு."

எனக்குக் கோபம் வந்தது, தப்புச் செய்தவனுக்குத்தான் முதலில் கோபம் வரும்போல. "உம்ம காதைப் பறிச்சவனுக்கு நீரு எதுக்குவே இதெல்லாம் செய்யணும்?"

"எனக்கு ஆட்டம் போச்சு. அவனுக்கும் போனா என் காது வந்துருமா?" என்றார். "வெளிய வந்த அன்னிக்கு நேரா இந்தக் கடைக்குத்தான் வந்தான். ஒண்ணும் பேசலை. என் வலது பக்கமா வந்து நின்னான்வே. எந்தக் காதுன்னு அவனுக்கு ஞாவகம் இருந்துருக்கு."

"அதுக்காக மன்னிச்சிட்டீராக்கும்?"

"மன்னிச்சேன்னு நான் எங்கயும் சொல்லலை. அது எனக்கும் அவனுக்கும். ஆடட்டும்னுதான் சொன்னேன்." எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டார். "நான்தான் ஏற்பாடு பண்ணேன்னு அவனுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். இதையாவது வாய்க்குள்ள வச்சுக்கிடும்." சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

தொப்பிக்காரருக்கு நான் போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். இருபத்தேழு வயது ஆட்டக்காரனுக்கு அடுத்த வருஷம் என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுநாள் விடிந்ததும் வாழைத்தார்ச் சந்தைக்குப் போனேன். பனி இறங்கி, லாரிகளின் விளக்குகள் மங்கலாக எரிந்தன. வாழைச்சாறும் ஈரச் சருகும் கலந்த வாசனை. தார் தூக்குகிறவர்கள் பனிக்குள்ளிருந்து வருவதும் பனிக்குள் போவதுமாக இருந்தார்கள். யார் முகமும் தெரியவில்லை. அவனே என்னைக் கண்டுகொண்டான். குரலை வைத்துத்தான் இருக்க வேண்டும், யாரிடமோ அவனைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, நீங்க எங்க இங்கன?" என்று தாரைப் பைய இறக்கி வைத்தான்.

கடையில் நாள் முழுக்கப் பேசுகிற எனக்கு அங்கே வந்தது இரண்டே வாக்கியம். "அன்னைக்கு நான் மைக்ல அப்படிச் சொல்லிருக்கக் கூடாது தம்பி. தப்புதான்" என்றேன். பக்கத்து லாரிச் சத்தத்தில் அதுவும் பாதிதான் கேட்டிருக்கும்.

"நீங்க பொய் ஒண்ணும் சொல்லலியே" என்றான். குரலில் குத்தலே இல்லை. துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். "அடிச்சேன், உள்ள போனேன். உள்ளதைத்தான சொன்னிய."

நான் போயிருக்கலாம். போகவில்லை.

"ஒண்ணு கேக்கட்டா அண்ணாச்சி?" என்றான். "அந்தத் தொப்பிக்காரர்கிட்ட யாரோ என்னைப் பத்தி நல்லபடியா சொல்லிருக்காங்க. ஆட்டத்துக்கு முந்தியே கேட்டேன், யாருன்னு அவரு சொல்ல மாட்டேங்காரு. உங்களுக்குத் தெரியுமா?"

பெயர் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் அவன் முகம் எப்படி மாறும் என்றுகூடத் தெரிந்தது. ஆனால் நண்பருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவர் என்னிடம் கேட்டது அந்த ஒன்றைத்தான். "தெரியாதுப்பா" என்றேன்.

அவன் தலையாட்டினான். குனிந்து அடுத்த தாரின் காம்பைப் பிடித்தான்.

"ஊருல எல்லாருக்கும் பேர் வாங்கிக் குடுக்குத ஆளு நீங்க. அன்னைக்கு நீங்க மைக்ல வாயத் தொறக்குத வரைக்கும், அவருகிட்ட சொன்னது நீங்கதான்னு நெனச்சிருந்தேன்" என்று சொல்லிவிட்டு, தாரைத் தோளில் ஏற்றிக்கொண்டு லாரிப் பக்கமாகப் போனான்.