எமிலியானுசின் சனிக்கிழமைத் துவக்கு

சுவிஸ் நாட்டு எம்மன்புரூக்கேயில் எமிலியானுசைத் தெரியாத தமிழர்கள் இருக்கலாம். அவருடைய பன்றி வேட்டைக் கதை தெரியாதவர்கள் இல்லை. யாரும் கேட்க வேண்டியதில்லை, ஞாயிறு பூசை முடிந்து மாதா கோவில் வாசலுக்கு வந்ததும் அவராகவே தொடங்கிவிடுவார். மன்னார்க் காடு, கையில் நாட்டுத்துவக்கு, எதிரே தனியன் பன்றி, ஒரே வெடி. தமிழ்க் கடை வைத்திருக்கும் யோகராஜா, "அண்ணை, போன வருசத்தை விடப் பன்றி நல்லாக் கொழுத்திட்டுது" என்று முகத்துக்கு நேரே சொல்லியும் அவர் நிறுத்தியதில்லை. மனைவி செசீலியா மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டாள். பன்றியைச் சுட்டது அவருடைய மச்சான் என்பதும், இவர் பின்னால் தண்ணீர்க் கலனைத் தூக்கிக்கொண்டு போனவர் என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஆள் நல்லவர், அதையும் சொல்லிவிட வேண்டும். எண்பத்து நான்கில் வந்து, லூசேர்ன் ஹோட்டல் ஒன்றில் சட்டி கழுவி, பிறகு இரும்புத் தொழிற்சாலையில் பழுக்கக் காய்ச்சிய கம்பிகளுக்குப் பக்கத்தில் நின்று உழைத்து, நான்கு வருடம் கழித்துச் செசீலியாவை ஊரிலிருந்து எடுப்பித்தவர். யாராவது வீடு மாறினால் அலுமாரிக்கு முதலில் குனிகிற முதுகு அவருடையதுதான். வாயும் முதுகும் ஒரே அளவுக்கு வேலை செய்கிற மனிதர்கள் உலகத்தில் குறைவு.

தொண்ணூற்று மூன்றில் ஊரின் ஓரத்தில், பெரிய புல்வெளி ஒன்றுக்குப் பக்கத்தில், பழைய வீட்டின் மேல்மாடி வாடகைக்குக் கிடைத்தது. கூடவே பின்புறம் ஒரு துண்டு நிலம். நிலத்தைக் கண்டதும் எமிலியானுஸ் வீட்டைப் பார்க்கவே இல்லை. மிளகாய்க் கன்றுக்கு எந்தப் பக்கம் வெயில் விழும் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். புல்வெளிக்கு அப்பால் மேட்டில் நீண்ட மரக்கட்டடம் ஒன்று தெரிந்தது. மாட்டுக்கொட்டில் என்று நினைத்துக்கொண்டார்.

அது மாட்டுக்கொட்டில் இல்லை என்பது முதல் சனிக்கிழமை மத்தியானம் தெரிந்தது. சடார் சடார் என்று வெடி தொடங்கியபோது செசீலியா சோறு வடித்துக்கொண்டு நின்றாள். பானை ஒரு பக்கம், சோறு ஒரு பக்கம். பிள்ளைகள் இரண்டையும் இழுத்துக்கொண்டு போய்க் குளியலறைத் தரையில் குப்புறப் படுத்தவள், கீழ்வீட்டுக்காரி வந்து விளக்கம் சொன்ன பிறகும் எழும்பவில்லை. விளக்கம் சின்னதுதான். இந்த நாட்டு ஆண்கள் இராணுவத் துவக்கை வீட்டிலேயே வைத்திருப்பார்கள். வசந்தம் தொடங்கி இலை உதிரும்வரை சனிக்கிழமைகளில் கூடிக் கடதாசி அட்டையைச் சுடுவார்கள். பிறகு பியர் குடிப்பார்கள்.

"எனக்கு விளங்குது. என்ரை காலுக்கு விளங்கேல்லையப்பா," என்றாள் செசீலியா.

காலுக்கு விளங்கவே இல்லை. கோடைக்கு மேல் கோடை போயிற்று. சனிக்கிழமை வந்தால் யன்னல்களைப் பூட்டி, திரையை இழுத்து, மாதா பாட்டுக் கசெற்றைப் பெரிதாகப் போட்டுக்கொண்டு குளியலறையில் இருப்பாள். டீட்டிகோன் பட்டணத்தில் இருக்கும் தங்கை எலேனா, "இஞ்சை வாங்கோ அக்கா, றெயில் சத்தம் மட்டும்தான்" என்று ரெலிபோனில் கூப்பிட்டபடி இருந்தாள். தொண்ணூற்று ஏழு வசந்தத்தில், அட்டை சுடுகிறவர்கள் மறுபடி தொடங்கிய அன்று, செசீலியா முடிவாகச் சொல்லிவிட்டாள். நத்தார்ப் பண்டிகைக்கு முன் டீட்டிகோனுக்கு வீடு மாற வேண்டும். அவர் கூட வந்தாலும் சரி, மிளகாய்க் கன்றோடு நின்றாலும் சரி.

எமிலியானுசுக்கு மிளகாய்க் கன்றை விட மனமில்லை. முந்தின வருடம்தான் அவர் சுவிஸ் குடிமகன் ஆகியிருந்தார். குடிமகன் என்றால் உரிமை இல்லையா? "நான் போய்க் கதைச்சு நிப்பாட்டுறன்" என்று பூசைக்குப் போடும் கோட்டை மாட்டிக்கொண்டு, அடுத்த சனிக்கிழமை நேரே சுடுகளத்துக்குப் புறப்பட்டார். செசீலியா அவர் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டு அனுப்பினாள்.

பொழுதுபடத் திரும்பி வந்தார். முகத்தில் ஒரு களை.

"சொன்னனீங்களோ?"

"சொன்னன்."

"அவை என்ன சொன்னவை?"

"என்னையும் சேர்த்துப்போட்டினம்."

நடந்தது இதுதான். சுடுகிறவர்களின் சங்கத் தலைவர் வால்ட்டர் என்ற பண்ணைக்காரர், அந்தப் புல்வெளியின் சொந்தக்காரரும் அவர்தான். எமிலியானுசின் முறைப்பாட்டைத் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டார். கேட்டு முடிந்ததும் கோப்பியில் கொஞ்சம் சாராயம் விட்டுக் கொடுத்தார். பிறகு இடுப்பிலிருந்து ஒரு றிவோல்வரை எடுத்து மேசையில் வைத்தார். நீண்ட குழல், கறுத்த பிடி, ஆறு சன்னம் போடும் உருளை. நூறு வருடத்துக்கு முன் இராணுவத்துக்குச் செய்தது. வால்ட்டருக்கு அது வயல் துவக்கு. வேலி பார்க்கப் போகும்போது இடுப்பில் இருக்கும்; கால் முறிந்து கிடக்கும் மாட்டின் வேதனையை முடிக்கவும், கோழிக்கூட்டுக்கு வரும் நரியைக் கலைக்கவும் உதவும். சனிக்கிழமைகளில் மற்றவர்கள் மேட்டில் நின்று பெரிய துவக்குகளால் தூரத்து அட்டையைச் சுட, அவர் கீழே புல்வெளியில் நின்று ஒற்றைக் கையால் கிட்டத்து அட்டையைச் சுடுவார்.

"நீ வேட்டையாடியிருக்கிறாயா?" என்று வால்ட்டர் கேட்டார். கேட்கக்கூடாத ஆளிடம் கேட்கக்கூடாத கேள்வி. மன்னார்ப் பன்றி ஜெர்மன் மொழியில் ஓடத் தொடங்கியது. கதை முடிந்ததும் வால்ட்டர் மிகுந்த மரியாதையோடு றிவோல்வரை நீட்டினார். இனித் தப்ப வழியில்லை. எமிலியானுஸ் கோட்டோடு நின்று, பெருவிரலால் துவக்கின் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு விசையை அழுத்தினார். பார்த்தால் அட்டையின் நடுக்கறுப்பில் ஓட்டை. அந்த ஒரு சன்னம்தான் மனிதரைக் கெடுத்தது. அதற்குப் பிறகு அவருடைய சன்னம் எதுவும் அந்தப் பக்கம் போனதில்லை.

"வேலியில போன ஓணானைப் பிடிச்சு மடியில விட்டுக்கொண்டு வந்து நிக்கிறார் மனுசன்," என்று செசீலியா எலேனாவுக்கு ரெலிபோனில் சொன்னாள்.

ஓணான் சீக்கிரமே வீட்டுக்கும் வந்துவிட்டது. வால்ட்டருக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. துவக்கைச் சுவரில் மாட்டி அழகு பார்க்க அவருக்கு மனமில்லை, சுடுகிறவன் கையில் இருக்கட்டும் என்றார். பொலிசில் எடுக்க வேண்டிய அனுமதியை அவரே கூட்டிக்கொண்டு போய் எடுப்பித்தார். பதிலுக்கு ஒரு பெரிய சட்டி ஆட்டிறைச்சிக் கறி போதும் என்றார். அந்தக் கறியைச் சமைத்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. சமைக்கும்போது செசீலியாவுக்கு எதற்கென்று தெரியாது. தெரிந்தபோது சட்டி திரும்பி வந்துவிட்டது.

"உது என்ரை வாசல்படி தாண்டி உள்ள வந்தா, நான் தாண்டி வெளியால போயிடுவன்," என்றாள்.

அதனால் றிவோல்வர் நிலவறையில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் குடியிருந்தது. செசீலியா அந்தப் பெட்டியின் மேல் அந்தோனியார் படம் ஒன்றை ஒட்டிவைத்தாள். காணாமற்போனதைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதர், ஒரு மாற்றத்துக்கு இதைக் காணாமற்போகச் செய்ய மாட்டாரா என்ற நப்பாசை அவளுக்கு.

எமிலியானுஸ் தன் பங்குக்குப் பயிற்சியில் இறங்கினார். கை நடுங்கக்கூடாது என்று இஸ்திரிப்பெட்டியை ஒற்றைக் கையால் நீட்டிப் பிடித்தபடி வரவேற்பறையில் நிற்பார். பிள்ளைகள் அவரைச் சுற்றிப் போய்த் தொலைக்காட்சி பார்ப்பார்கள். ஒருமுறை வால்ட்டர் நரித் தொல்லை என்று கூப்பிட, றிவோல்வரை இடுப்பில் செருகிக்கொண்டு, ரப்பர் சப்பாத்தோடு வயலில் இறங்கினார். நரியும் வந்தது. மூன்று வெடி வைத்தார். நரி ஓடவில்லை. நின்று இவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வாய்க்காலில் தண்ணீர் குடித்துவிட்டு, தன் பாட்டில் நடந்து போயிற்று. கடையில் இந்தக் கதையைச் சொன்னபோது நரிக்கு ஒரு கால் நொண்டியிருந்தது.

செசீலியாவுக்கு அவர் சொன்ன ஆறுதலும் அவருடைய பாணியில்தான் இருந்தது. "இஞ்சை பார். பெரிய துவக்கெல்லாம் சடார் எண்டும். என்ரை பழசு, தொம் எண்டும். ஈரச்சாக்குக்கு அடிச்ச மாதிரி. தொம் கேட்டா அது நான். நான் சுட்டா ஒருத்தரும் சாக மாட்டினம், அது உனக்குத் தெரியும்தானே?"

"பன்றிக்கும் தெரியும்," என்றாள் செசீலியா.

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது என்றுதான் அவர் நினைத்தார். ஆவணியில் ஒரு சனிக்கிழமை வீடு திரும்பிக் கை கழுவிக்கொண்டிருந்தபோது, அவள் அடுப்பிலிருந்து முகத்தை எடுக்காமலே கேட்டாள்.

"இண்டைக்கு நாலாவது வெடி ஏன் பிந்தினது?"

எமிலியானுசுக்குக் கையிலிருந்த சவர்க்காரம் நழுவிற்று. "தும்மல் வந்ததப்பா," என்றார்.

அப்படியென்றால் அவள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் கசெற்றின் சத்தம் குறைந்தது. குளியலறையிலிருந்து குசினிக்கு வந்துவிட்டாள். சடார் சடார் என்பதற்கு நடுவில் தொம்மைத் தேடிப் பிடிப்பாள். ஆறு கேட்டதும் அரிசியை உலையில் போடுவாள், அவர் நடந்து வந்து சேரச் சோறு சரியாக இருக்கும். டீட்டிகோன் பேச்சு வாரத்துக்கு வாரம் மெலிந்தது. எமிலியானுஸ் விடுவாரா? "மருந்து மாத்திரை ஒண்டுமில்லை, எல்லாம் என்ரை வைத்தியம்" என்று யோகராஜாவின் கடையில் நெஞ்சை நிமிர்த்தினார்.

புரட்டாதி மாதச் சனிக்கிழமை ஒன்றில் வைத்தியருக்குச் சோதனை வந்தது. முதல் வெடி போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதற்குச் சுத்தியலை இழுத்தால் உருளை அசைய மாட்டேன் என்றது. சுட்டு முடிந்ததும் துடைத்து எண்ணெய் போட வேண்டும் என்று வால்ட்டர் தலைப்பாடாகச் சொல்லியிருந்தார். இவர் பல வாரங்களாக வாயாலேயே எண்ணெய் போட்டு வந்தவர். ஈயமும் கரியும் சேர்ந்து உருளையை இறுக்கிவிட்டன. அந்த நேரம் பார்த்து மேட்டில் நின்றவர்களும் அட்டை மாற்றுவதற்காக நிறுத்தியிருந்தார்கள். புல்வெளி முழுக்க ஒரு சத்தமுமில்லை. வால்ட்டர் பெருமூச்சு விட்டு, திருப்புளியோடு மேசையில் குனிந்தார். எமிலியானுஸ் சும்மா இருப்பானேன் என்று, சங்கத்துக்குப் புதிதாக வந்த ஒருவருக்குப் பன்றிக் கதையைத் தொடங்கினார்.

பன்றி பற்றையை விட்டு வெளியே வந்த நேரம், மேட்டில் பெரிய துவக்குகள் மறுபடி தொடங்கின. அப்போதுதான் ஒற்றையடிப் பாதையில் யாரோ வருவதைக் கண்டார். குசினிச் செருப்பு, மஞ்சள் கறை பட்ட ஏப்ரன், அவிழ்ந்த கொண்டை. செசீலியா வெடிச் சத்தத்தை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு வெடிக்கும் அவளுடைய தோள் தூக்கிப்போட்டது. நடை மட்டும் நிற்கவில்லை.

வந்தவள் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். நெஞ்சைத் தடவிப் பார்த்தாள்.

"ஏன் நிப்பாட்டினனீங்கள்?"

"துவக்கு இறுகிப்போச்சப்பா. அதுக்கேன் நீ..."

"ரெண்டோட நிண்டிட்டுது. பிறகு எல்லாமே நிண்டிட்டுது." அவளுக்கு மூச்சு வாங்கியது. "எங்கடை தம்பியைச் சுட்ட அண்டும் இப்பிடித்தான். வெடி நிண்டோடனை ஊரே அப்பாடா எண்டிச்சு. நானும் சொன்னனான். அவன் றோட்டில கிடக்கிறான், நான் வீட்டுக்குள்ள இருந்து அப்பாடா எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறன்."

செசீலியாவின் தம்பி சுடப்பட்டது எமிலியானுசுக்குத் தெரியும். அந்த அப்பாடாவை அவள் இத்தனை வருடத்தில் ஒரு நாளும் சொன்னதில்லை. வால்ட்டர் திருப்புளியை வைத்துவிட்டு, "என்ன சொல்கிறாள்?" என்று மெதுவாகக் கேட்டார். எமிலியானுசுக்கு வெட்கமாக இருந்தது. அட்டையில் ஓட்டை போடத் தெரியாமல் தான் விளையாடிக்கொண்டிருந்த நேரமெல்லாம், இவள் அவருடைய உயிரைக் காதால் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் கோவில் வாசலில் நிற்காமல் நேரே வீட்டுக்கு வந்தார். கடைக்குப் போனபோது, "அண்ணை, பன்றிக்குச் சுகமில்லையோ?" என்று யோகராஜா கேட்டதற்கும் சிரிக்கவில்லை. வால்ட்டர் சரிசெய்து கொண்டுவந்து கொடுத்த றிவோல்வரை, நன்றி மட்டும் சொல்லி வாங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் குசினிக் கதிரையில் வந்து இருந்தார். செசீலியா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் யோசிச்சுப் பார்த்தனான்," என்றார். "துவக்கை வால்ட்டரிட்டையே குடுத்துவிடுவம். டீட்டிகோனுக்குப் போவம். மிளகாய்க் கண்டைச் சாடியிலயும் வைக்கலாம்."

முழு மனதோடுதான் சொன்னார். அந்த நேரம் புல்வெளிக்கு அப்பால் சடார் சடார் என்று தொடங்கியது. செசீலியாவின் கத்தி ஒரு கணம் நின்று, மறுபடி வெங்காயத்தில் இறங்கியது.

"நீங்கள் போகாட்டி, உதில ஆர் சுடுறான், ஆரைச் சுடுறான் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள். "எழும்புங்கோ. உருளையை வடிவாத் துடைச்சுப்போட்டு, ஆறையும் சுட்டிட்டு வாங்கோ."

எமிலியானுஸ் எழுந்து நிலவறைச் சாவியை எடுத்தார். கண் கலங்கியதை மறைக்கவோ என்னவோ, "அட்டையில படுமோ தெரியாது," என்றார்.

"படாட்டிப் பரவாயில்லை," என்றாள் செசீலியா. "எனக்குக் கேட்டாப் போதும்."