முப்பத்தேழு வரைபடங்களில் இல்லாத வீடு

1. திருத்தம்

அந்தச் செவ்வாய்க்கிழமை மூன்றாம் பீரியடில் நான் திருத்திய முப்பத்தெட்டு தாள்களில் முப்பத்தேழு தவறானவை. நான் பெருக்கல் குறி போட்டது மீதமிருந்த ஒன்றுக்கு.

சங்கரன்கோவிலிலிருந்து ராயகிரி போகும் வழியில் ஓர் உயர்நிலைப் பள்ளி. அந்த ஜூனில்தான் மாறுதலில் அங்கே சமூக அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்திருந்தேன். காலையில் பஸ்ஸில் இறங்குவேன், மாலையில் ஏறுவேன். ஊருக்குள் கால் வைத்ததில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு வரைபடப் பாடம் நடந்தபோது, "உங்க தெருவை வரைஞ்சிட்டு வாங்க" என்றேன். எல்லாரும் மேலத்தெருப் பிள்ளைகள்.

முப்பத்தேழு தாள்களிலும் மாவு மில்லுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருந்தது. எல்லாவற்றிலும் ஒரே அகலம். ஒரு வீடு சரியாகப் பொருந்தும் அகலம். கோமதி என்ற மாணவி மட்டும் அங்கே ஒரு வீடு வரைந்திருந்தாள்.

"அந்த எடத்துல என்னலே இருக்கு?" என்று வகுப்பைக் கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல சார். வெறும் எடம்." பல குரல்கள், ஒரே பதில்.

கோமதியின் வீட்டின் மேல் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டு, 'இல்லாததை வரையக் கூடாது' என்று எழுதினேன். முதல் பெஞ்சில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தாளைக் கொடுத்தபோது மற்ற எல்லாரும் சன்னலைப் பார்த்தார்கள்.

மணி அடித்ததும் வந்தாள்.

"எங்க வீட்ட ஏன் சார் அடிச்சீங்க?"

"அங்க வீடு இருக்கா?"

"நான் அங்கன இருந்துதான சார் வாரேன்."

பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: "வெள்ளிக்கெழம அப்பா டி.சி. வாங்க வருதாங்க. படிச்சது போதும்னுட்டாங்க."

2. மேலத்தெரு

மதிய இடைவேளையில் நடந்தே போனேன். மில்லுக்கும் தொட்டிக்கும் நடுவில் பச்சைக் கதவு போட்ட ஓட்டு வீடு. கொடியில் பள்ளிச் சீருடை காய்ந்தது. மில்காரர் வாசலில் நின்றார்.

"அண்ணாச்சி, இந்த வீட்டுல யாரு இருக்கா?" கை நீட்டிக் கேட்டேன்.

அவர் பார்வை என் விரல் நுனி வரை வந்து நின்றது. "எந்த வீடு? அங்கன ஒண்ணுமில்ல சார். வெயில்ல நிக்காதீங்க, ஸ்கூலுக்குப் போங்க."

அப்போது உள்ளேயிருந்து குக்கர் மூன்று விசில் அடித்தது. எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. அவர் திரும்பவே இல்லை.

கதவைத் தட்டினேன். உள்ளே கேட்ட பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. வெகுநேரம் கழித்துத் திறந்தவர் கோமதியின் அப்பா.

"வீடு மாறித் தட்டிட்டீங்களா சார்?"

ஊர்க் குளத்தின் கரையைச் சிலர் வளைத்துப் போட்டதை எதிர்த்து அவர் தாலுகா ஆபீசில் மனு கொடுத்திருக்கிறார். அதற்கு ஊர் கூடிக் கொடுத்த தண்டனை, அந்த வீட்டாரோடு யாரும் பேசக் கூடாது. ஆறு மாதம் ஆகிவிட்டது. "எங்களுக்குப் பழகிட்டு. பிள்ளை தூக்கத்துல பேசுதா சார். பகல்ல பேச ஆளில்லைல்லா" என்றார்.

அதற்கு முந்திய வாரம்தான் மனித உரிமைகள் பாடத்தில் 'ஊர் விலக்கு' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி விளக்கியிருந்தேன். எல்லாரும் அழகாக நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கோமதியும் எழுதினாள்.

3. மூன்று கேள்விகள்

வியாழன் பிற்பகல், தலைமை ஆசிரியரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கி, வகுப்பை மேலத்தெருவுக்குக் கூட்டிப்போனேன். களப்பணி. வீடுதோறும் மூன்று கேள்விகள்: வீட்டில் எத்தனை பேர், என்ன வேலை, எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள். ஒரு வீடு விட்டாலும் இன்டர்னல் மார்க் கிடையாது என்றேன்.

பச்சைக் கதவின் முன் வகுப்பு நின்றுவிட்டது.

"ஏலே, போயிராத. ஒங்க அய்யா தோலை உரிச்சிருவாரு."

"மார்க்கு ஒங்க தாத்தாவா போடுவாரு?"

ராஜேஸ்வரி என்ற மாணவி என்னிடம் வந்தாள். "சார், கேள்வி கேட்டா அது பேசினதாகுமா?"

"அது பாடம்" என்றேன்.

அவள் திரும்பிச் சொன்னாள்: "கேட்டுக்கிட்டியளாடா? பாடமாம்." படி ஏறினாள்.

கோமதியின் அம்மா கதவுக்கும் நிலைக்கும் நடுவில் நின்றார். மூன்று கேள்விகளுக்கும் தாழ்ந்த குரலில் பதில் சொன்னார். பிறகு, "அவ்வளவுதானா தாயி?" என்றார்.

ராஜேஸ்வரி தாளைப் பார்த்தாள். அதில் வேறு கேள்வி இல்லை. தாளை மடித்துக்கொண்டு, "இன்னிக்கு என்ன கொழம்பு வச்சீங்க?" என்றாள்.

பின்னாலிருந்து இன்னொருத்தி, "தண்ணி எங்கன போய் எடுக்கீங்க?" என்றாள். அப்புறம் யார் எதைக் கேட்டார்கள் என்று என்னால் குறித்துக்கொள்ள முடியவில்லை. கோமதி தன் அம்மாவின் பின்னால் போய் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் அப்பா அலுவலகத்துக்கு வந்தார். டி.சி. விண்ணப்பம் சட்டைப் பையில் தெரிந்தது. எடுக்கவில்லை. "பிள்ளைக மறுபடியும் கேள்வி கேக்க வருவாங்களா சார்?" என்றார்.

ஊர் விலக்கு உடனே நீங்கவில்லை. மூன்று பெற்றோர் வந்து என்னைத் திட்டினார்கள். வகுப்பு வாரந்தோறும் களப்பணிக்குப் போனது. கோமதி எங்கள் பள்ளியிலேயே பத்தாம் வகுப்பு எழுதினாள்.

இந்த வேலைக்கு வரும் இளைய ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான். முப்பத்தேழு தாள்கள் ஒரே விடையைச் சொன்னால் சிவப்புப் பேனாவை மூடி வையுங்கள். மதிய வெயிலானாலும் அந்தத் தெருவுக்குப் போய்க் கதவைத் தட்டுங்கள்.