இடப்பக்கம் ஒரு காலி நாற்காலி

இது நடந்தது. கதை எழுதுகிறவனாக இருந்தால் ராத்திரி, மழை, நாய் ஊளை எல்லாம் வைத்திருப்பேன். எனக்கு நடந்தது மத்தியானம் இரண்டரை மணிக்கு, பங்குனி வெயிலில், சாம்பார் சாதம் சாப்பிட்ட பிறகு. பொய் சொல்வதென்றால் இதைவிட நன்றாகச் சொல்லியிருப்பேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் ஒரு மாடி அறையில் தங்கி, ராஜபாளையத்துக்குப் போய் வந்து இன்ஜினியரிங் கடைசி வருடம் படித்தேன். புராஜெக்ட்டுக்கு எங்கள் சம்பத்குமார் சார் ஒரு நிபந்தனை போட்டார். கம்ப்யூட்டரை ஓட்டுகிற ஆப்பரேட்டிங் சிஸ்டங்களில் ஒன்றை, யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்தே வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு பிழையைச் சரிசெய்ய வேண்டும். அதை நடத்துகிறவர்கள் மாதக் கடைசிக்குள் ஏற்றுக்கொண்டால் பாஸ். இல்லாவிட்டால் இன்னொரு வருடம் ஜூனியர்களோடு உட்கார வேண்டும். எங்கள் ஜூனியர்களைப் பார்த்தவர்களுக்குப் பேயெல்லாம் ஒரு பயமே இல்லை.

ரொம்ப நாளாக யாரும் தொடாத பிழை ஒன்று கிடந்தது. கை வைக்காதபோதும் லேப்டாப் டச்பேடில் பாயிண்டர் தானாக நகர்கிறது. என் லேப்டாப்பிலும் அப்படித்தான். தூசியாக இருக்கும் என்று நினைத்து அந்தப் பிழையையே எடுத்துக்கொண்டேன்.

இந்த வேலையில் ஒரு முறை உண்டு. பிழையைத் திருத்துவதற்கு முன்னால், கூப்பிட்டால் அது வர வேண்டும். என்னென்ன செய்தால் தவறாமல் வருகிறது என்று எழுதி அனுப்ப வேண்டும். மற்றவர்களும் அதேபோல் செய்து, வரவழைத்துப் பார்ப்பார்கள்.

வகுப்புத் தோழன் ஆல்வின் உதவிக்கு வந்தான். ஃபேனை நிறுத்தினோம். சார்ஜரைப் பிடுங்கினோம். ஜன்னலைச் சாத்தினோம். எதற்கும் வரவில்லை. என் இடப்பக்க நாற்காலியில் உட்கார்ந்து அவன் கொட்டாவி விட்டான்.

"ஏலே, இது உனக்கு மட்டும்தான் தெரியுதா? கண் டாக்டரைப் பாரு."

"செத்த நேரம் இரு."

"தண்ணி குடிச்சிட்டு வாரேன்."

எழுந்து போனான். மணி 2.34. பாயிண்டர் நகர்ந்தது.

வந்து உட்கார்ந்தான். நின்றது.

எழுந்தான்... நகர்ந்தது.

நாற்காலியையே தூக்கி வெளியே போட்டுப் பார்த்தோம். வரவில்லை. பக்கத்தில் நாற்காலி இருக்க வேண்டும். அதில் யாரும் இருக்கக் கூடாது. அப்போதுதான் வந்தது.

"நான் எந்திரிக்கையில தரை ஆடுதுலே, அதான்," என்றான் ஆல்வின். சிரிக்கவில்லை.

விரல் படுகிற இடத்தையெல்லாம் திரையில் புள்ளியாகக் காட்டும் ஒரு புரோகிராம் உண்டு. அதை ஓடவிட்டு, இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டேன். ஆல்வின் கதவோரம் போய் நின்றான்.

ஒரு புள்ளி.

இரண்டு... மூன்று... நான்கு.

இடப்பக்கத்திலிருந்து ஒருவர் வலது கையை நீட்டி வைத்தது போல இருந்தது. மோதிர விரல் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒன்றுமில்லை.

"கையை எடுலே," என்றான் ஆல்வின்.

"என் கை தலையில இருக்கு."

புத்தியுள்ளவன் அன்றைக்கே அறையைக் காலி செய்திருப்பான். எனக்கு மாதம் முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. பன்னிரண்டு வரி புரோகிராம் எழுதினேன். அப்படி ஒரு கை வந்தால் கண்டுகொள்ளாதே. அவ்வளவுதான் திருத்தம். பாயிண்டர் நின்றுவிட்டது.

"அந்த நாற்காலி விஷயத்தை மட்டும் எழுதாத," என்றான் ஆல்வின்.

"எழுதலேன்னா அவிய எப்படிச் சோதிப்பாக? ஏத்துக்க மாட்டாக. ஃபெயில்தான்."

எழுதினேன். மூன்றாவது படி: இடப்பக்கம் ஒரு காலி நாற்காலி போடவும்.

கிண்டல் செய்வார்கள் என்று நினைத்தேன். போலந்திலிருந்து ஒருவர் எழுதினார், நாற்காலி போட்டதும் வந்தது என்று. அப்புறம் பிரேசில். அப்புறம் ஓசூர். எல்லோருக்கும் நான்கு விரல். என் திருத்தத்தைப் போட்டதும் எல்லோருக்கும் நின்றது. இருபத்தெட்டாம் தேதி ஏற்றுக்கொண்டார்கள். சம்பத்குமார் சார் கை குலுக்கினார். நான் அவருடைய மோதிர விரலைப் பார்த்தேன். இருந்தது.

அடுத்த வாரம் கால் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஆல்வின் வீட்டுக்குப் போனேன். தரையில் உட்கார்ந்திருந்தான். ஹாலில் ஒரு நாற்காலிகூட இல்லை.

"நாற்காலியெல்லாம் எங்கலே?"

"மொட்டை மாடியில. கவுத்துப் போட்டிருக்கேன்."

போனை என் பக்கம் திருப்பினான். போலந்துக்காரரின் புது மெயில். என் திருத்தத்தை நீக்கிவிட்டுப் பழையபடி சோதித்தாராம். நாற்காலி போட்டும் இப்போது வருவதில்லையாம். பிழை தானாகவே போய்விட்டது, வாழ்த்துகள் என்று எழுதியிருந்தார். கீழே பிரேசிலும் ஓசூரும் அதையே எழுதியிருந்தார்கள்.

"நல்லதுதானேலே."

"நாற்காலி போட்டும் எப்ப வராது?"

மெயிலை மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

"நான் உக்காந்திருந்தப்ப வரலை," என்றான். "இம்புட்டு நாளும் நின்னுக்கிட்டே கையை நீட்டியிருக்கு. நீ ஊரெல்லாம் நாற்காலி போடச் சொன்ன."

பால்கோவாவை அங்கேயே வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் மத்தியானம் என் லேப்டாப்பிலும் அந்தப் பன்னிரண்டு வரியை நீக்கினேன். இடப்பக்கம் நாற்காலி போட்டேன். கையைத் தலைமேல் வைத்தேன்.

2.34.

ஒரு புள்ளி வந்தால் போதும் என்று இருந்தது. நின்றுகொண்டுதான் இருக்கிறது என்று தெரிந்தால் போதும்...

2.40.

3.05.

வரவில்லை.

பார்வைக்கு, நாற்காலி காலியாகத்தான் இருந்தது.