வழி கேட்டு ஓடிய லொறி

பாசையூர்க் கனிசியஸ் புதுப் படகுகளை ஏற்றி இறக்கும் லொறி ஓட்டுகிறார். குருநகர்ப் பட்டறையில் செய்யும் பைபர் படகுகள் அவருடைய லொறியில்தான் வடமராட்சிக்கும் தீவுப் பக்கத்துக்கும் போகும். படகின் மூக்கு கபினுக்கு மேலால் நீட்டிக்கொண்டிருக்கும். பின்பக்கம் வெளியே தள்ளி நிற்கும் பகுதியில் சிவப்புத் துணி கட்டுவார். அந்தச் சுமையோடு தவறான ஒழுங்கைக்குள் நுழைந்துவிட்டால் திரும்பி வருவது பெரும்பாடு.

போன வருடம் மகள் நிரோஜினியும் மருமகன் ஜெனிஸ்ரனும் பிரான்ஸிலிருந்து வந்திருந்தார்கள். ஜெனிஸ்ரனும் அங்கே லொறிச் சாரதிதான். பெரிய வாகனங்களுக்கென்றே உள்ள வழிகாட்டிச் செயலி ஒன்றை மாமனாரின் போனில் போட்டுக் கொடுத்தான்.

"மாமா, லொறியின்ரை நீளம், உயரம், பாரம் எல்லாம் குடுத்திருக்கிறன். ஒடுங்கின வீதியாலை இது உங்களைக் கொண்டுபோகாது."

"அப்ப இவ்வளவு காலமும் நான் லொறியைக் கடலுக்குள்ளையோ விட்டனான்?" என்று கனிசியஸ் சிரித்தார். ஆனாலும் பாவித்துப் பார்த்தார். உரும்பிராய்ப் பக்கம் ஒருநாள் அது வேறு வீதியால் போகச் சொன்னது. வழக்கமான வீதியில் மதகு திருத்தவென்று கிண்டிப் போட்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து அதை நம்பினார். பக்கத்தில் இருந்து வழி பார்த்துவந்த செபநாயகம் முழங்கால் வருத்தத்தால் வேலையை விட்டபோது வேறு ஆள் தேடவில்லை.

ஆனால் லொறிக்குள் கதை நின்றுபோனது. முன்பெல்லாம் சந்திக்குச் சந்தி நிறுத்தி வழி கேட்க வேண்டும். வழி சொல்பவர்கள் சும்மா சொல்லமாட்டார்கள். யார், எந்த ஊர், யாருக்குப் படகு என்று விசாரித்து, சில இடங்களில் தேத்தண்ணீரும் தந்துதான் விடுவார்கள். இப்போது போனில் ஒரு பெண்குரல் "இடதுபுறம் திரும்பவும்" என்று மட்டும் சொல்கிறது.

கனிசியஸ் கலியாணம் கட்டியதே வழி கேட்டதால்தான். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு போரால் யாழ்ப்பாணம் முழுக்க இடம்பெயர்ந்திருந்த நேரம். டீசல் கிடையாது. மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடும் பழைய லொறியில் அவர் அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு உடுப்பிட்டிக்குப் போய்க்கொண்டிருந்தார். நெல்லியடிக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூட வாசலில் வாளியோடு நின்ற பெண்ணிடம் வழி கேட்டார். அவள் தயங்காமல் ஓர் ஒழுங்கையைக் காட்டினாள். அது பனங்காணிக்குள் போய் முடிந்தது. லொறி மணலில் புதைந்தது.

சத்தம் கேட்டு அவளே பள்ளிக்கூடத்திலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்தாள். எல்லோரும் தள்ளி லொறி வெளியே வந்த பிறகு கனிசியஸ் கேட்டார்.

"தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லியிருக்கலாமே, தங்கச்சி?"

"நாங்களும் குருநகரிலையிருந்து இடம்பெயர்ந்து இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தனாங்கள்தான் அண்ணை. வந்த நாள் துவக்கம் எல்லாரும் எங்களை எங்கையிருந்து வந்தனியள் எண்டுதான் கேட்டவை. நீங்கள் ஒராள்தான் என்னை இந்த ஊர் ஆளாய் நினைச்சு வழி கேட்டனீங்கள். தெரியாதெண்டு சொல்ல மனம் வரேல்லை."

அவள் பெயர் பெர்னடெட். பாசையூருக்குப் பக்கத்துத் தேவாலயப் பங்கில் பிறந்தவளை அவர் அதுவரை கண்டதில்லை. அதன்பிறகு உடுப்பிட்டிக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அந்த வாசலில் நிறுத்தி வழி கேட்டார். ஊர் திரும்பியதும் கலியாணம் நடந்தது.

இந்த ஆனி மாதம் வல்வெட்டித்துறைக்கு ஒரு படகு போக வேண்டியிருந்தது. பக்கத்துச் சீற் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டுக் கனிசியஸ் மனைவியைக் கூப்பிட்டார்.

"பெர்னடெட், வாறியோ? வழி பாக்கிற வேலை இல்லை. சும்மா இருந்து கதைச்சுக்கொண்டு வா."

வல்லைப் பாலம் தாண்டியதும் போன் உடுப்பிட்டிப் பக்கம் திரும்பச் சொன்னது. பெர்னடெட் அவருடைய கையைத் தொட்டார்.

"இஞ்சருங்கோ, அந்தப் பள்ளிக்கூடத்தை ஒருக்காப் பாத்திட்டுப் போவமே?"

கனிசியஸ் நெல்லியடி வீதியில் நேரே விட்டார். பெண்குரல் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தது. கொஞ்சத் தூரத்தில் புது வழி ஒன்றைப் போட்டுக்கொண்டு அடங்கியது. ஆனால் பள்ளிக்கூடம் எதுவென்று இருவருக்கும் பிடிபடவில்லை. எங்கும் மாடிக் கட்டடங்களும் மதில்களும். பனங்காணி இருந்த அடையாளமே இல்லை. அவர் ஓர் ஒழுங்கையைக் காட்டினார், அவர் மனைவி இன்னொன்றைக் காட்டினார். கடைசியில் லொறியை ஓரங்கட்டி, ஸ்கூட்டியில் வந்த ஓர் இளம் பெண்ணை மறித்துக் கேட்டார்கள்.

"தெரியாது அன்ரி, நான் கலியாணம் கட்டி இஞ்சை வந்து கொஞ்ச நாள்தான். நிண்டுகொள்ளுங்கோ, போனிலை பாத்துச் சொல்லுறன்."

பெர்னடெட் சிரித்துவிட்டார். பெயர் என்ன, பிறந்த ஊர் எது, மாமியார் நல்லவரா என்றெல்லாம் அந்தப் பெண்ணிடம் விசாரித்தார். தாரிகா என்று பெயர், சொந்த ஊர் கிளிநொச்சி. போனிலும் மூன்று பள்ளிக்கூடங்கள் காட்டின. எது தங்களுடையது என்று கடைசிவரை தெரியவில்லை. அது பெர்னடெட்டுக்குப் பெரிய குறையாகவும் இல்லை. லொறி புறப்பட்டதும் அந்த நாளைய பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டு வந்தார். வகுப்பு வாங்குகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தது, கிணற்றடியில் வரிசையில் நின்றது, மண்ணெண்ணெய் மணம் வந்தாலே இவருடைய லொறிதான் என்று கண்டுபிடித்தது. கடைசியாகச் சொன்னது கனிசியஸுக்குப் புதுச் செய்தி.

"இதை ஏன் நீ இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே."

வல்வெட்டித்துறைக் கரையில் படகுக்காரர் முத்துக்குமாரு காத்துக்கொண்டு நின்றார். "என்ன கனிசியஸ், நல்லாப் பிந்திப்போச்சு. போன் வழி காட்டேல்லையோ?"

"அது காட்டினது அண்ணை. நாங்கள்தான் கேக்கேல்லை."

படகை இறக்கி முடியும்வரை முத்துக்குமாருவின் மனைவி கமலாவதி பெர்னடெட்டை வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய் வைத்திருந்தார். பெர்னடெட் ஒரு பை மாம்பழத்தோடு வெளியே வந்தார்.

அடுத்த படகு காரைநகருக்கு. அன்று விடியக் கனிசியஸ் லொறியை ஸ்ரார்ட் பண்ணியபோது, பெர்னடெட் தேத்தண்ணீர்ப் போத்தலை மடியில் வைத்தபடி ஏற்கெனவே ஏறி இருந்தார்.